கொஞ்ச நாளைக்கு ஓட வேண்டாம்

என் மகளுக்கு நான்கு வயதில் இதயத்தில் அறுவை சிகிச்சை நடந்தது. சென்னை ஆஸ்பத்திரியிலிருந்து அவளை வீட்டுக்கு அனுப்பிய நாளில் டாக்டர் நிறையச் சொன்னார். மாத்திரை, புண், குளிப்பாட்டுவது, பல் தேய்ப்பது என்று வரிசையாகச் சொன்னார். எனக்கு ஒன்றுதான் மனதில் நின்றது. "கொஞ்ச நாளைக்கு ஓட விடாதீங்க."

கொஞ்ச நாள் என்றால் எத்தனை நாள் என்று நான் கேட்கவில்லை. எனக்குப் பின்னால் பத்துப் பேர் பிள்ளைகளோடு நின்றிருந்தார்கள். நான் வாயைத் திறந்தால் அத்தனை பேரும் என்னைப் பார்ப்பார்கள் என்று தோன்றியது. "சரிங்க" என்று சொல்லி மாத்திரைப் பையை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். அந்தக் கொஞ்ச நாள் எங்கள் வீட்டில் ஏழு வருஷம் ஓடியது. என் மகள்தான் ஓடவில்லை.

என் வேலையும் அதிகம் பேசத் தேவையில்லாத வேலை. கள்ளக்குறிச்சியிலிருந்து மலைப்பக்கம் போகிற சாலையில் ஒரு எடை மேடை இருக்கிறது. கரும்பு, மரவள்ளிக் கிழங்கு, மக்காச்சோளம் ஏற்றிய லாரிகள் அதன்மேல் ஏறி நிற்கும். பக்கத்தில் உள்ள சிறிய அறையில் நான் உட்கார்ந்திருப்பேன். எண் தெரியும், சீட்டு வரும், ஜன்னல் வழியாக நீட்டுவேன். லாரி சரியாக நிற்கவில்லை என்றால் வெளியே போய்க் கையைக் காட்டுவேன். உள்ளங்கையை முன்னால் நீட்டினால் வா. உள்ளங்கையைத் தரைப்பக்கம் திருப்பி மெல்ல மெல்ல அழுத்தினால் மெதுவாக. தூக்கிப் பிடித்தால் நில். இருபது வருஷத்தில் எந்த டிரைவரும் இதைத் தப்பாகப் புரிந்துகொண்டதில்லை.

அறுவை சிகிச்சைக்கு முன்னால் அவள் இருந்த நிலையைச் சொன்னால்தான் என் பயம் விளங்கும். கொஞ்ச தூரம் நடப்பாள், சட்டென்று குந்தி உட்கார்ந்துவிடுவாள். உதடும் நகமும் நாவல் பழம் தின்றதுபோல நீலமாகிவிடும். மூச்சு இரைக்கும். அடம் பிடிக்கிறாள் என்று நானே இரண்டு முறை அதட்டியிருக்கிறேன். அங்கன்வாடிக்குப் பிள்ளைகளைப் பரிசோதிக்க வந்த டாக்டரம்மாதான் நெஞ்சில் குழாய் வைத்துக் கேட்டுவிட்டு, இதயத்தில் ஓட்டை இருக்கிறது, நுரையீரலுக்கு ரத்தம் போகிற வழியும் குறுகலாக இருக்கிறது, உடனே சென்னைக்குக் கொண்டு போங்கள் என்றார். காப்பீட்டு அட்டையில் சிகிச்சை நடந்தது. ஓட்டையை அடைத்து வழியை அகலமாக்கினார்கள். மூன்றாம் நாள் அவளைப் பார்க்க உள்ளே விட்டபோது உதடு சிவப்பாக இருந்தது. என் மனைவி, "யாருங்க இதுக்கு சாயம் பூசினது?" என்று நர்ஸைக் கேட்டாள்.

உதடு சிவந்துவிட்டது. ஆனால் என் காதில் அந்தப் பழைய இரைப்புச் சத்தம் போகவில்லை. அவளுக்கு மூச்சு வாங்கினால் எனக்குக் கை கால் ஓடாது. அதனால் மூச்சே வாங்காமல் பார்த்துக்கொள்வது என்று முடிவு செய்தேன்.

பள்ளிக்கூடப் பையை நான்தான் சுமப்பேன். காலையில் என் வண்டியில் கொண்டுபோய் வகுப்பு வாசலில் இறக்கிவிடுவேன். பள்ளிக்கூடத்து வாசலில் இறக்கினால் போதாதா என்று வாத்தியார் கேட்டார், சிரித்துவிட்டு வந்துவிட்டேன். படி ஏறினால் ஒரு படிக்கு ஒரு நிற்பு. தெருவில் மற்ற பிள்ளைகள் ஓடிப்பிடித்து விளையாடும்போது இவளுக்கு நடுவர் வேலை வாங்கிக் கொடுத்திருந்தேன். எங்கேயாவது கொஞ்சம் வேகமாக நடந்தால் என் கை தானாக எழுந்து, தரையைப் பார்த்தபடி மெல்ல மெல்ல அழுத்தும். அவளும் உடனே வேகத்தைக் குறைத்துவிடுவாள். அவ்வளவு சொன்ன பேச்சுக் கேட்கிற பிள்ளை என்று எனக்குப் பெருமை.

என் மனைவிக்கு இது பிடிக்காது. வெளியில் என்னை 'ங்க' போட்டுத்தான் பேசுவாள். கோபமோ கிண்டலோ வந்துவிட்டால் அந்த 'ங்க' கழன்று விழுந்துவிடும்.

"லாரிக்குக் காட்டற கைய கொழந்தைக்குக் காட்டாதய்யா. அதுக்கு இன்னா பிரேக்கா வச்சிருக்குது?"

"டாக்டர் சொல்லியிருக்காரு."

"எப்ப சொன்னாரு?"

"சொன்னாரு இல்ல?"

"அவரு ரிட்டையராயிட்டு வூட்ல பேரனோட ஓடிப்பிடிச்சு வெளையாடிக்கினு இருப்பாரு. நீ இன்னும் அதையே புடிச்சிக்கினு இரு."

என் மனைவி பிறந்த ஊர் கல்வராயன் மலையில். பஸ் இறங்கி ஒரு கிலோமீட்டர் மேட்டில் நடந்தால்தான் மச்சான் வீடு. ஒவ்வொரு ஆடிக்கும் போவோம். பஸ்ஸை விட்டு இறங்கியதும் நான் குனிவேன், மகள் முதுகில் ஏறிக்கொள்வாள். நான்கு வயதில் அது பெரிய விஷயமில்லை. ஒன்பது வயதில் அவள் கால் என் முழங்காலைத் தாண்டித் தொங்கியது. பாதி மேட்டில் எனக்குக் கண் இருட்டிக்கொண்டு வரும். மச்சான் பிள்ளைகள் எங்களைச் சுற்றிச் சுற்றி ஓடுவார்கள்.

மச்சான் மேலே நின்று பார்த்துக்கொண்டே இருப்பான். "இன்னா மாமா, பாப்பா மலை ஏறும்னு பாத்தா உன் மேலயே ஏறிக்கினு இருக்குது? எறக்கி வுடு மாமா. இல்லன்னா உன்னத் தூக்க நாலு ஆளு வரச் சொல்லணும்."

எனக்குப் பதில் சொல்ல மூச்சும் இருக்காது. அவன் என் மகளைப் பார்த்து ஏதோ கண்ணைச் சிமிட்டுவான். மாமனுக்கும் மருமகளுக்கும் உள்ள விளையாட்டு என்று விட்டுவிட்டேன்.

வருஷத்துக்கு ஒரு முறை சென்னைக்குப் போய் எக்கோ எடுக்க வேண்டும். நெஞ்சில் குளிர்ந்த பசை மாதிரி எதையோ தடவி, ஒரு கருவியை வைத்து உருட்டுவார்கள். பக்கத்தில் டி.வி. மாதிரி ஒன்றில் இதயம் திறந்து மூடுவது தெரியும். என் மகள் அதை ஆர்வமாகப் பார்ப்பாள். நான் சுவரைப் பார்ப்பேன். பிறகு ஒரு தாள் தருவார்கள். அதில் ஒரு எண் இருக்கும். இதயம் ஒரு துடிப்புக்கு எவ்வளவு ரத்தத்தை வெளியே தள்ளுகிறது என்பதற்கான எண் அது என்று மட்டும் எனக்குத் தெரியும். எண் பார்ப்பதுதானே என் தொழில். முதலில் அதைத்தான் தேடுவேன். ஒரு வருஷம் அறுபது. ஒரு வருஷம் அறுபத்திரண்டு.

நூற்றுக்கு அறுபத்திரண்டு என்றால் மீதி முப்பத்தெட்டு எங்கே என்று எனக்குக் கவலை. டாக்டர் தாளைப் பார்த்து "நல்லா இருக்கு" என்பார். எனக்கு ஆறுதல் சொல்கிறார் என்று நினைத்துக்கொள்வேன். ஒரு முறை திரும்பி வரும் பஸ்ஸில் மனைவியிடம் சொல்லியேவிட்டேன்.

"முப்பத்தெட்டு பங்கு வேலை செய்யல போல."

அவள் ஜன்னல் பக்கமிருந்து திரும்பினாள். "நீ பத்தாவதுல கணக்குல இன்னா வாங்கின?"

"முப்பத்தாறு."

"அப்ப உன்னவிட ஜாஸ்தியாதான வாங்கியிருக்குது. சும்மா வா."

மகள் ஆறாம் வகுப்புக்குப் போன வருஷம் நடந்ததுதான் நான் சொல்ல வந்தது. அந்த முறை புதிதாக ஒரு டாக்டரம்மா இருந்தார். வயது முப்பதுகூட இருக்காது. எக்கோ தாளைப் பார்த்தார், குழாய் வைத்துக் கேட்டார். "படுத்திருக்கும்போது இதயம் எப்படி இருக்குன்னு தெரிஞ்சிருச்சு. வேலை செய்யும்போது எப்படி இருக்குன்னு பாக்கணும். ஆறு நிமிஷம் நடக்க வைக்கலாம்" என்றார்.

அறைக்கு வெளியே தாழ்வாரம் போல நீளமான நடை. அதன் இரண்டு முனையிலும், சாலையில் பள்ளம் தோண்டினால் வைப்பார்களே, அந்த மாதிரி சிவப்புக் கூம்பு ஒவ்வொன்று வைத்திருந்தார்கள். நர்ஸ் கையில் ஒரு கடிகாரம். என் மகளின் விரலில் துணி காயப்போடும் கிளிப் போல ஒன்றை மாட்டி எண்ணைக் குறித்துக்கொண்டார்.

"பாப்பா, இந்த முனைக்கும் அந்த முனைக்கும் நடந்துக்கினே இரு. உன்னால எவ்ளோ வேகமா முடியுமோ அவ்ளோ வேகமா நட. ஆனா ஓடக்கூடாது."

ஓடக்கூடாது என்றதும் எனக்கு நிம்மதி. என்னைப் போல ஒருவராவது பேசுகிறாரே என்று நினைத்தேன். என் மனைவி நர்ஸ் பக்கம் நின்றாள். நான் எதிர் முனைக்குப் போய், கூம்புக்குப் பக்கத்தில் சுவரோரமாக நின்றுகொண்டேன்.

மகள் நடந்தாள். கோயிலில் அடிப்பிரதட்சிணம் செய்கிறவர்கள்கூட அதைவிட வேகமாகப் போவார்கள். ஒரு கால் வைத்து, ஒரு கணம் நின்று, மறு காலை வைத்தாள். ஆறு நிமிஷத்தில் ஒன்பது முறைதான் அந்த நடையைக் கடந்தாள். நர்ஸ் மறுபடி கிளிப்பை மாட்டிப் பார்த்தார். தாளில் எழுதினார். எழுதும்போது அவர் உதட்டைப் பிதுக்கியதை நான் கவனித்தேன்.

டாக்டரம்மா அந்தத் தாளையும் எக்கோ தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வெகுநேரம் பார்த்தார்.

"இதயம் நல்லாத்தான் பம்ப் பண்ணுது. ஆனா இந்த வயசுக்கு நடை ரொம்பக் கம்மி. நடக்க வேண்டியதுல பாதி தூரம்கூட இல்லன்னு சொல்லலாம். ஒரு வால்வுல லேசா ஒழுக்கு இருக்கு. அது எக்கோவுல தெரியறதவிட அதிகமா இருக்குமோன்னு சந்தேகமா இருக்கு. அப்படின்னா அட்மிட் பண்ணி, தொடை வழியா ட்யூப் விட்டு உள்ள பாக்கணும். தேவைப்பட்டா வால்வ மாத்தணும்."

நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டேன். மறுபடியும் அந்தக் கதவு, மறுபடியும் அந்தக் காத்திருப்பு, மறுபடியும் அவள் நெஞ்சில் கத்தி. ஏழு வருஷம் ஓட விடாமல் பார்த்துக்கொண்டும் இப்படியா என்று நினைத்தேன். மனைவியைப் பார்த்தேன். அவளும் வெளிறிப் போயிருந்தாள். ஆனால் அவள் என்னைப் பார்க்கவில்லை. மகளைத்தான் முறைத்துக்கொண்டிருந்தாள்.

டாக்டரம்மா பேனாவால் தாளைத் தட்டினார். "ஒண்ணுதான் புரியல. இவ்ளோ களைச்சுப் போற பிள்ளைக்கு நாடித் துடிப்பு ஏறியிருக்கணும். இவளுக்கு உட்காந்திருந்தப்ப எவ்ளோ இருந்துச்சோ, நடந்து முடிச்சும் கிட்டத்தட்ட அவ்ளோதான் இருக்கு. பாப்பா, மூச்சு வாங்குச்சா?"

"இல்ல."

"நெஞ்சு வலிச்சுதா? கால் வலியா?"

"இல்ல."

"பின்ன ஏன் அவ்ளோ மெதுவா நடந்தே?"

மகள் என்னைப் பார்த்தாள். அம்மாவைப் பார்த்தாள். தன் செருப்பைப் பார்த்தாள்.

"அப்பா கை காட்டினாரு."

"என்ன கை?"

அவள் உள்ளங்கையைத் தரைப்பக்கம் திருப்பி, மெல்ல மெல்ல அழுத்திக் காட்டினாள். அச்சு அசல் என் கை. கரும்பு லாரி ஒன்று அந்த அறைக்குள் வந்திருந்தால் நின்றிருக்கும்.

வாசலில் நின்ற நர்ஸ் வாயைப் பொத்திக்கொண்டார். "ஐயோ மேடம், எனக்குத்தான் ஏதோ சொல்றாருன்னு நெனச்சி நான் வேற தலைய ஆட்டிக்கினு இருந்தேன்."

சத்தியமாக, நான் கையைக் காட்டியதே எனக்குத் தெரியாது.

"ஆறு நிமிஷமும் காட்டினாருங்க மேடம்" என்றாள் என் மனைவி. "நான் இந்தப் பக்கம் நின்னுக்கினு கண்ணக் கண்ணக் காட்டறேன், என் பக்கம் திரும்பவே இல்ல இந்த மனுசன்."

டாக்டரம்மா என் பக்கம் திரும்பினார். கோபப்படுவார் என்று நினைத்தேன். "அப்பா, நீங்க கீழ போய் ஒரு டீ குடிச்சிட்டு வாங்க" என்றார்.

"டீ பழக்கம் இல்லீங்க."

அந்த ஆஸ்பத்திரியில் ஏழு வருஷத்தில் நான் பேசிய முதல் முழு வாக்கியம் அதுதான்.

"அப்ப தண்ணி குடிங்க. அரை மணி நேரத்துக்கு இந்த மாடிப் பக்கம் வரக்கூடாது."

கீழே போனேன். தண்ணீர்க் குழாயடியில் வரிசையில் நின்றேன். என் முறை வந்ததும் பின்னால் இருந்தவருக்கு வழி விட்டேன். அப்படி நான்கு பேருக்கு வழி விட்ட பிறகு, எனக்குத் தாகமே இல்லை என்று தெரிந்து படியேறிவிட்டேன். அரை மணி ஆகியிருக்கவில்லை. நடையின் கதவில் முக அளவுக்குக் கண்ணாடி பதித்திருந்தார்கள். கண்ணாடியின் ஒரு மூலையில் மட்டும் கண்ணை வைத்துப் பார்த்தேன்.

என் மகள் நடந்துகொண்டிருந்தாள். அவள் அப்படி நடந்து நான் பார்த்ததில்லை. கைகள் முன்னும் பின்னும் வீசின. பின்னல் ஒரு தோளிலிருந்து மறு தோளுக்குத் துள்ளியது. கூம்பை அடைந்ததும் ஒரே காலில் சுழன்று திரும்பினாள். அந்தத் திரும்பலில் பழக்கம் தெரிந்தது. யாரோ சொல்லிக்கொடுத்து, பல நாள் செய்து வந்த பழக்கம். நடையில் சலைன் பாட்டிலைத் தள்ளிக்கொண்டு போன ஒரு பெரியவர் சுவரோடு ஒட்டிக்கொண்டு வழி விட்டார்.

எண்ணத் தொடங்கினேன். நான் வருவதற்கு முன்னால் எத்தனை என்று தெரியாது. நான் பார்த்தே பதினொன்று. எல்லாம் சேர்த்துப் பத்தொன்பது என்று பிறகு நர்ஸ் சொன்னார்.

கடைசியில் நின்றாள். மூச்சு வாங்கியது. தோள் ஏறி ஏறி இறங்கியது. என் கை கதவைத் தள்ளிவிட்டது. உள்ளே ஒரு காலை வைத்தபோதுதான் நர்ஸைப் பார்த்தேன். அவர் மகளின் விரலில் கிளிப்பை மாட்டிவிட்டு, சாவகாசமாகக் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். பஸ் வருமா என்று பார்ப்பவர் போல. நான் காலைப் பின்னால் எடுத்துக்கொண்டேன்.

டாக்டரம்மாவின் மேஜையில் இப்போது மூன்று தாள்கள் இருந்தன. "நாடி நல்லா ஏறுச்சு. நின்னதும் நல்லா இறங்குச்சு. இப்படித்தான் இருக்கணும். ட்யூப் எல்லாம் வேண்டாம். ஒழுக்கு லேசாத்தான் இருக்கு, வருஷா வருஷம் பாத்துக்கலாம்" என்றார். பிறகு என்னைக் கேட்டார், "ஓடக்கூடாதுன்னு உங்களுக்கு யார் சொன்னது?"

"டாக்டர் சொன்னாருங்க. கொஞ்ச நாளைக்கு."

"எப்போ?"

"ஆபரேஷன் முடிஞ்சப்ப."

அவர் மகளின் கோப்பைப் பின்னாலிருந்து புரட்டினார். முதல் தாளின் தேதியைப் பார்த்தார். சிரிப்பை அடக்குவது தெரிந்தது. "நெஞ்செலும்பு கூடற வரைக்கும் சொல்லியிருப்பார். சில மாசம். நீங்க ஏன் அப்புறம் கேட்கல?"

அதற்குப் பதில் என் மனைவியிடம் இருந்தது. "கேக்கறதுக்கு வாயத் தொறக்கணும் இல்லீங்களா மேடம்?"

"உங்களைச் சொல்லல. நிறைய அப்பா அம்மா இப்படித்தான்" என்றார் டாக்டரம்மா. "ஆபரேஷன் செஞ்ச இதயத்த கண்ணாடிப் பாத்திரம் மாதிரி வச்சிருப்பாங்க. அதுவும் சதைதான். வேலை குடுத்தாத்தான் பலம் வரும்."

அன்றைக்கு எனக்கு எங்கிருந்தோ துணிச்சல் வந்திருந்தது. அறுபத்திரண்டைப் பற்றியும் கேட்டுவிட்டேன். எந்த இதயமும் ஒரே துடிப்பில் முழுக்கக் காலியாகாது, கொஞ்சம் உள்ளே தங்கும், அதுதான் இயற்கை என்றார். "நூறு யாருக்கும் வராது. என்னோடது எடுத்தாலும் அறுபத்துச் சொச்சம்தான் இருக்கும்." எனக்கு அந்த முப்பத்தெட்டு அன்றைக்குத்தான் கிடைத்தது.

"என்ன விளையாட்டு பிடிக்கும்?" என்று மகளைக் கேட்டார்.

"கோகோ."

"விளையாடியிருக்கியா?"

மேஜைக்குக் கீழே என் மனைவியின் கால் நகர்ந்ததை நான் பார்த்தேன். மகள் பார்க்கவில்லை.

"நாலாவதுல இருந்து வெளையாடறேன். இந்த வருஷம் ஸ்கூல் டீம்ல இருக்கேன்."

டாக்டரம்மாவின் முகம் மலர்ந்தது. அந்தத் திரும்பல் எங்கே படித்தது என்று எனக்கும் விளங்கியது. "விளையாடலாம். மூச்சு வாங்கும். வாங்கட்டும். நின்னா ரெண்டு மூணு நிமிஷத்துல அடங்கணும். அடங்கலன்னாலோ, தலை சுத்தினாலோ, நெஞ்சு வலிச்சாலோ நிறுத்திட்டு என்கிட்ட வரணும். சரியா?" கடைசிக் கேள்வியை என்னைப் பார்த்துத்தான் கேட்டார்.

திரும்பும் பஸ்ஸில் நான் யாருடனும் பேசவில்லை. நான் பேசாமல் இருப்பதில் ஒரு சங்கடம் உண்டு. கோபத்தில் பேசாமல் இருக்கிறேன் என்பது யாருக்கும் தெரியாது. விக்கிரவாண்டி தாண்டிய பிறகுதான் மனைவிக்குச் சந்தேகம் வந்தது.

"இன்னா, கோவமா?"

நான் ஜன்னல் பக்கம் பார்த்தேன்.

"ரெண்டு வருஷத்துக்கு முன்னால எக்கோ எடுக்கற அம்மாவ நான் கேட்டேன். டாக்டரும் பக்கத்துல இருந்தாரு. வெளையாடலாமான்னு கேட்டேன், நல்லா வெளையாடட்டுமேன்னு சொன்னாங்க. நீயும் அங்கதான் இருந்த. செவுத்தப் பாத்துக்கினு இருந்த."

"எங்கிட்ட சொல்லலாம் இல்ல?"

"சொன்னா? எடை மேடையப் பூட்டிட்டு வந்து பள்ளிக்கூடத்து கேட்ல நின்னு கை காட்டிக்கினு இருப்ப."

அவள் அந்தப் பள்ளிக்கூடத்தில்தான் சத்துணவு உதவியாளர். பதினொரு மணிக்குச் சாம்பாரை இறக்கி வைத்துவிட்டு மகள் ஓடுவதைப் பார்ப்பாளாம். யார் யாருக்குத் தெரியும் என்று கேட்டேன். தலைமை ஆசிரியைக்குத் தெரியும். பி.டி. சாருக்குத் தெரியும், அவர் டாக்டர் சீட்டையே வாங்கிப் பார்த்திருக்கிறார். சமையல்காரம்மாவுக்குத் தெரியும். எதிர்க் கடைக்காரருக்குத் தெரியும். என் மச்சானுக்கும் தெரியும்.

"மச்சானுக்கா?"

"மலையில நீ சோறு தின்னுட்டுப் படுத்தின்னா, அவ அங்க புள்ளைங்களோட ஓடாத காடா? நீதான் மேடு ஏறின களைப்புல அடிச்சிப் போட்ட மாதிரி தூங்குவியே."

நான் மகளைப் பார்த்தேன். அவள் இருவருக்கும் நடுவில் உட்கார்ந்து முறுக்கு தின்றுகொண்டிருந்தாள்.

"அப்புறம் எதுக்கு என் முதுகுல ஏறின?"

"நீ ஆசையா குனிஞ்சியேப்பா. பாவமா இருந்துச்சு." கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னாள், "எனக்கும் கால் வலிக்கல."

உளுந்தூர்பேட்டையில் பஸ் நின்றபோது வெள்ளரிப் பிஞ்சு விற்கிறவர் ஜன்னலருகே வந்தார். மூன்று பொட்டலம் வாங்கினேன். அத்தோடு என் கோபம் தீர்ந்துவிட்டது என்று மனைவி எடுத்துக்கொண்டாள். பாதி உண்மை. எனக்குத் தெரியாமல் இரண்டு வருஷம் நடத்திவிட்டார்களே என்ற வருத்தம் இருந்தது. தெரிந்திருந்தால் அந்த இரண்டு வருஷமும் அவளை ஓட விட்டிருக்க மாட்டேன் என்பதும் தெரிந்தது. அந்தக் கணக்கில் நான் எந்தப் பக்கம் நிற்பது என்று தெரியாமல் வெள்ளரிப் பிஞ்சைத் தின்றேன்.

அடுத்த மாதம் சுற்றுவட்டாரப் பள்ளிகளுக்கான குறுவட்டப் போட்டி வந்தது. மலையடிவாரத்தில் ஒரு பள்ளி மைதானம். நானும் விடுப்பு எடுத்துக்கொண்டேன். காலையில் மனைவி தெளிவாகச் சொல்லிவிட்டாள். "வரதுன்னா வா. ஆனா அவ கண்ணுல படாத. உன்னப் பாத்தா நடக்க ஆரம்பிச்சிடுவா."

மைதானத்தின் ஓரத்தில் ஒரு பள்ளி வேன் நின்றிருந்தது. அதற்குப் பின்னால் நின்றுகொண்டேன். எதிரணி மலைமேல் உள்ள உறைவிடப் பள்ளிப் பிள்ளைகள். ஒருத்தி காலிலும் செருப்பில்லை. அவர்கள் எட்டுப் பேர் வரிசையாகக் குந்தியிருக்க, ஒருத்தி எழுந்து துரத்தினாள். எங்கள் பிள்ளைகள் மூன்று மூன்று பேராக உள்ளே போய் வளைந்து நெளிந்து தப்பினார்கள். முதல் மூவரும் சீக்கிரம் ஆட்டமிழந்தார்கள். அடுத்த மூவரில் என் மகள்.

எவ்வளவு நேரம் ஓடினாள் என்று சொல்லத் தெரியவில்லை. இரண்டு நிமிஷம் இருக்கலாம். குந்தியிருந்த பிள்ளைகளுக்கு இடையில் புகுந்து, திரும்பி, குனிந்து, மறுபடி புகுந்தாள். நான் வேனின் இரும்பு ஏணியைப் பிடித்திருந்தேன். இன்னொரு கை சட்டைப் பைக்குள் இருந்தது. பிறகு ஒரு மலைப்பெண் பாய்ந்து அவள் தோளைத் தொட்டுவிட்டாள். விசில் ஊதினார்கள்.

மகள் வெளியே வந்தாள். நேராக வேன் பக்கமாகவே வந்து, முழங்காலில் கையை ஊன்றிக் குனிந்து நின்றாள். இரைத்தது. பனியன் கழுத்துக்கு மேலே தெரிந்த தழும்பு அவள் மூச்சோடு மேலும் கீழும் போனது. நான்கு வயதில் பார்த்த அதே இரைப்பு என்றுதான் எனக்குத் தோன்றியது. உதட்டைப் பார்த்தேன். சிவப்பாகத்தான் இருந்தது. ஒளிந்திருக்க வேண்டும் என்பதை மறந்து முன்னால் வந்துவிட்டேன். இரண்டு மூன்று நிமிஷத்தில் அடங்கணும் என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். கையில் கடிகாரம் இல்லை. மனதுக்குள் எண்ணத் தொடங்கினேன். ஒன்று, இரண்டு, மூன்று.

நாற்பதைத் தாண்டியிருப்பேன். அவள் நிமிர்ந்தாள். என்னைப் பார்த்ததில் அவளுக்கு ஆச்சரியமே இல்லை.

"அப்பா, அது நடுக்கோட்டத் தாண்டி வந்து தொட்டுச்சுப்பா. தாண்டக் கூடாது. நீ பாத்த இல்ல?"

"நான் கோட்டப் பாக்கல."

"அப்ப இன்னாத்தப் பாத்த?"

"உன்னத்தான்."

"நல்லா பாத்த போ" என்று தலையில் அடித்துக்கொண்டாள். அதற்குள் அணி மாறுவதற்கு விசில் ஊதினார்கள். துரத்துகிற முறை எங்கள் பிள்ளைகளுக்கு. நான் எண்ணி முடிக்கவில்லை. அவள் ஓடிவிட்டாள்.

எனக்கு அந்தக் கோடு மனதில் உறுத்தியது. அவள் சொன்னது சரி என்றால் அது தப்பான ஆட்டம் இல்லையா? பக்கத்தில் தலைப்பாகை கட்டிய ஒருவர் நின்றிருந்தார். மலையிலிருந்து வந்தவர். தெரியாத ஒருவரிடம் நானாகப் போய்ப் பேச்சுக் கொடுத்தது என் நினைவுக்கு எட்டியவரை அதுவே முதல் தடவை.

"ஏங்க, கொஞ்சம் முன்னால தோளத் தொட்டுச்சே ஒரு பொண்ணு, அது கோட்டத் தாண்டிச்சுங்களா?"

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "தாண்டலீங்க" என்றார். "தொட்டது எம் பொண்ணுதான்."

"தப்பிக்கினு ஓடினது எம் பொண்ணுங்க."

"அதுவா? நல்லா ஓடுதுங்க" என்றார். "புடிக்க முடியாம எம் பொண்ணுக்கு நாக்கு தள்ளிப்போச்சு."

அவர் நகர்ந்து, மைதானம் நன்றாகத் தெரியும்படி எனக்கும் இடம் கொடுத்தார்.